ஆர்டிஸ் ஹோவ்லண்டும் நாற்பத்தொரு தவறான கடிதங்களும்

ஆர்டிஸ் ஹோவ்லண்ட் கேல்டன் கல்லூரியின் தலைவரானதற்கு ஒரே காரணம், அவர் ஒரு கூட்டத்துக்குப் போகாததுதான்.

1989 ஆகஸ்ட். கிழக்குக் கரையில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டதென்று பழைய தலைவர் இரண்டே வாரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டார். வகுப்புகள் தொடங்கப் பத்து நாள் இருந்தது. ஆசிரியர்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். புதுத் தலைவர் கிடைக்கும்வரை யாராவது ஒருவர் ஆறு வாரம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வேதியியல்காரர் முதுகுவலி என்றார். வரலாற்றுக்காரர் புத்தகம் முடிக்க வேண்டும் என்றார்; அதைப் பதினாறு வருடமாக முடித்துக்கொண்டிருந்தார். அறவியல் பாடம் நடத்தும் ஆர்டிஸ் மட்டும் வரவில்லை. அவர் கணவர் மெர்லோடு வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் உட்கார்ந்து மூன்று கூடைச் சோளக்கதிரை உரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் எப்போதும் நடக்கும், இளஞ்சோளம் வருடத்துக்கு மூன்று வாரம்தான் என்பது அவர் நியாயம்.

சேர்க்கை அலுவலகத்து கர்ட்டிஸ் பாப் வேலியோரமாக வந்து நின்றார். நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் ஒரே முகத்தோடுதான் சொல்வார்.

“ஆர்டிஸ், உங்களைத் தலைவரா ஆக்கிட்டாங்க.”

“விளையாடாதீங்க கர்ட்டிஸ்.”

“நெஜமாத்தான். ஓட்டு எடுத்தாங்க. எதிர்த்து ஒருத்தர்கூட இல்ல.”

“நான் எதிர்த்திருப்பேனே!”

“அதான் நீங்க அங்க இல்லையே.”

மெர்ல் கையிலிருந்த கதிரின் நூலை ஊதித் தள்ளினார். “ஆறு வாரம்தானே ஆர்டிஸ்? போயிட்டு வா. சோளத்தை நான் பாத்துக்கறேன்.”

அந்த ஆறு வாரம் பதினான்கு வருடம் நீண்டது.

ஆர்டிஸ் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கேல்டன் ஊரிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி, ஒரு பால்வண்டி ஓட்டுநரின் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். வீட்டில் ஐந்து பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். யார் கத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் உருளைக்கிழங்கு. ஆர்டிஸ் கத்தமாட்டாள். “நீ நேத்து என்ன சொன்னே, இப்ப என்ன சொல்றே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அண்ணன் வாயைத் திறந்தபடி யோசிக்கும் நேரத்தில் உருளைக்கிழங்கு இடம் மாறிவிடும். இதற்கு அறவியல் என்று ஒரு பெயர் இருப்பதும், இதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்பதும் கேல்டன் கல்லூரியில் இரண்டாம் வருடம்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த அன்று பாட்டு வகுப்பை விட்டு ஓடிவந்து அறவியல் வகுப்பில் சேர்ந்துகொண்டாள்.

பிறகு சிகாகோவில் ஆராய்ச்சி. இருபத்தொன்பதாவது வயதில் முதல் புத்தகம். ‘தவறிச் சொன்ன வாக்கு’ என்பது அதன் பெயர். நூற்று நாற்பது பக்கம். ஒருவர் தெரியாமல், கைதவறிக் கொடுத்துவிட்ட வாக்கு அவரைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்று அடித்துச் சொன்னது புத்தகம். ‘அ’ என்பவர் ‘ஆ’ என்பவரிடம் ஒன்றைச் சொல்கிறார்; சொல்ல நினைத்ததோ வேறு. அப்படியானால் ‘அ’ வருத்தம் தெரிவித்தால் போதும், அதற்குமேல் எந்தக் கடனும் இல்லை. முடிச்சு முடிச்சாக, ஓட்டையே இல்லாமல் கட்டிய வாதம். துறைக்காரர்கள் மெச்சினார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டு வேலை தருவதாக எழுதின. ஆர்டிஸோ கேல்டனுக்கே திரும்பி வந்தார். இங்கே வகுப்புக்குப் பதினெட்டுப் பேர்தான், ஒவ்வொருவரோடும் சண்டை போட முடியும் என்றார். உயர்நிலைப் பள்ளியில் வாத்தியக்குழு நடத்திய மெர்லைக் கட்டிக்கொண்டதும் அந்த வருடம்தான். மெர்ல் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழல் வாசிப்பார். ஒரு கன்றுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊதுவது போலிருக்கும்.

தலைவரான பிறகும் வாரத்தில் இரண்டு நாள் காலை எட்டு மணி வகுப்பை அவர் விடவில்லை. மீதி நேரமெல்லாம் விடுதிக் கூரை ஒழுகுவது, கூடைப்பந்துப் பயிற்சியாளரின் கோபம், நன்கொடையாளர் வீட்டு பன்றிக்கறி உருண்டை விருந்து. எதற்கும் அலுத்துக்கொள்ளவில்லை. “புத்தகத்துல ஒரு பிரச்சினையை நான்தான் உருவாக்கணும். இங்க தானா கதவைத் தட்டிட்டு வருது, எவ்வளவு வசதி!” என்பார்.

1996 மார்ச்சில் அப்படி ஒன்று வந்தது.

சேர்க்கை அலுவலகத்துக்கு அந்த வருடம் புதுக் கணினி. முகவரிச் சீட்டுகளை அதுவே வரிசையாக அச்சடித்துத் தள்ளும். பணியாளர்கள் உரித்து ஒட்டினால் போதும். இடம் இல்லை என்பவர்களுக்கு ஒற்றைத் தாளோடு மெல்லிய உறை. இடம் உண்டு என்பவர்களுக்கு வரவேற்புக் கடிதம், விடுதிப் படிவம், கார்க் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்த தடித்த உறை. அயோவா முழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அந்த மாதம் தபால் பெட்டியைத் திறந்ததும் தடிமனைத்தான் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை மதியம் உதவியாளர் சாப்பிடப் போயிருந்ததால் தொலைபேசியை ஆர்டிஸே எடுத்தார். ஒரு பெண்ணின் குரல். பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். ஒரு நாய் வேறு.

“கல்லூரித் தலைவர்கிட்ட பேச முடியுமா?”

“நான்தாம்மா பேசறேன்.”

“ஐயோ. நீங்களே எடுத்துட்டீங்களா? என் பேரு ரெனாட்டா ஓஹெடா. எங்களுக்குத் தடிச்ச கவர் வந்துச்சு. எங்கப்பா உங்ககிட்ட பேசியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், நான் எடுத்துச் சொல்றேன்.” ஸ்பானிஷ் மொழியில் ஒரு கனத்த குரல் கடகடவென்று ஓடியது. “உங்களுக்கு நன்றின்னு சொல்றார். இறைச்சிக் கம்பெனியில ரெண்டாவது ஷிப்டு முழுக்கச் சொல்லிட்டாராம். சூப்பர்வைசர் கை குலுக்கினாராம். அப்பா, அதெல்லாம் எதுக்குப்பா சொல்றே... சரி, சரி. நீங்க எப்ப வேணா எங்க வீட்டுக்குச் சாப்பிட வரலாமாம்.”

ஆர்டிஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வாழ்த்துகள் ரெனாட்டா. அப்பாகிட்ட கட்டாயம் வர்றேன்னு சொல்லு. செப்டம்பர்ல பாப்போம்.”

ரிசீவரை வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கர்ட்டிஸ் பாப் வந்தார். இந்த முறை அவர் முகம் சுவர் நிறத்தில் இருந்தது. கையில் ஒரு தாள்.

“ஒரு பக்கம் முழுக்க முகவரிச் சீட்டு மாறிப் போச்சு. மெல்லிய கவர்ல போக வேண்டியது தடிச்ச கவர்ல போயிருச்சு. நாப்பத்தொரு பேர், ஆர்டிஸ். நாப்பத்தொரு பேருக்கும் இடம் இல்லன்னு முடிவு பண்ணியிருந்தோம்.”

ஆர்டிஸ் தாளை வாங்கி ஓ வரிசையைத் தேடினார். ஓஹெடா, ரெனாட்டா. முப்பதாவது பெயர்.

“உக்காருங்க கர்ட்டிஸ்.”

“நின்னுக்கறேன். உக்காந்தா அழுதுருவேன்.”

செவ்வாய்க்கிழமை காலையிலேயே கல்லூரியின் வழக்கறிஞர் லீலண்ட் புரூயிட் வந்துவிட்டார். எப்போதும் இஸ்திரி கலையாத மனிதர். நாற்பத்தொரு பேருக்கும் அனுப்ப வேண்டிய கடிதம் அவர் பெட்டியில் தயாராக இருந்தது. வருந்துகிறோம், எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும். மூன்றே வரி.

“சட்டப்படி பெருசா ஒண்ணும் இல்ல. சீக்கிரம் அனுப்பிடணும், அவ்வளவுதான். அறப்படி பாத்தாலும் பிரச்சினை இல்லன்னு உங்களுக்கே தெரியும்.” பெட்டியிலிருந்து ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்தார். “எண்பத்தேழாம் பக்கம். என்னைவிட அழகா எழுதியிருக்கீங்க.”

அது அவருடைய புத்தகமேதான். ஆர்டிஸுக்குக் காது சிவந்தது. சனிக்கிழமை அறங்காவலர் குழு கூடுகிறது, அதுவரை ஒரு கடிதமும் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் அந்த எண்பத்தேழாம் பக்கத்தைப் படித்தார். ஒன்பது வருடமாக அதைத் திறந்ததில்லை. மெர்ல் அடுப்பருகே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு புத்தகம்?”

“நல்லா இருக்கு. அதான் எரிச்சலா இருக்கு. எந்த இடத்துலயும் பிடி கிடைக்கல.”

“அப்ப லெட்டரை அனுப்பிடு.”

“நீ என்ன, வக்கீல் பக்கமா?”

“நான் வெங்காயம் பக்கம்.” மெர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த ‘ஆ’ங்கறவர் இருக்காரே, வாக்கைக் கேட்டவர். கேட்டுட்டு அவர் என்ன பண்ணினார்?”

ஆர்டிஸ் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். ‘அ’ நினைக்கிறார், ‘அ’ சொல்கிறார், ‘அ’ வருந்துகிறார். நூற்று நாற்பது பக்கத்திலும் ‘ஆ’ ஒன்றுமே செய்யவில்லை. கேட்டதோடு சரி, மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“மெர்ல்.”

“ம்?”

“அவர் ஒண்ணுமே பண்ணல.”

மறுநாள் ஆர்டிஸ் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டியலில் இருந்த பதினோரு வீடுகளுக்குத் தொலைபேசினார். உறை பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று கேட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். ஒரு பையன் வேறொரு கல்லூரிக்கு வேண்டாமென்று எழுதிவிட்டிருந்தான். ஒரு பெண் மளிகைக்கடை வேலையிலிருந்து நின்றுவிட்டாள். நின்ற கையோடு மேலாளரைப் பற்றி மனதில் இருந்ததையும் சொல்லிவிட்டாளாம். எட்டாவது வீட்டில் வெண்டெல் ஃபிட்ச் என்ற பையனின் அம்மா எடுத்தாள்.

“வந்துச்சு, வந்துச்சு! வெண்டெல் இப்ப பேச முடியாதுங்க, வெளிய இருக்கான். அவங்கப்பாவுக்கு ஏணி பிடிச்சிட்டிருக்கான்.”

“என்ன வேலை நடக்குது?”

“பண்ணையில தானியம் வைக்கிற சைலோ கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. கேல்டன்னு எழுதறார். ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். ‘டன்’ மட்டும்தான் பாக்கி.”

ஆர்டிஸ் நன்றி சொல்லி வைத்தார். பிறகு தனியாக அந்த அறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதோடு அவர் மனதில் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை அறங்காவலர்கள் பதின்மூன்று பேரும் வந்தார்கள். வழக்கம்போல மிளகாய்க் காரத்தோடு பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோல் ரொட்டியும். குழுவின் தலைவர் டுவைட் ஆஸ்ட்ராண்டர்; மூன்று மாவட்டத்துக்குச் சோள விதை விற்பவர், எழுபதைத் தொடும் வயது, தொப்பியைச் சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுவார். ஆர்டிஸ் எழுந்து, நாற்பத்தொரு பேரையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

“ஆர்டிஸ், நீங்க எனக்குப் பிடிச்சவங்க,” என்றார் ஆஸ்ட்ராண்டர். “அதனால மெதுவாச் சொல்றேன். முடியாது. மார்க்கு வேணாமா? படுக்கை வேணாமா? நாப்பத்தொரு பேரைத் தலைகீழாவா தொங்கவிடப் போறீங்க?”

“படுக்கைக்கு வழி பண்றேன். மார்க்கு கம்மின்னா சொல்லிக்கொடுக்கணும். அதுக்குத்தானே கல்லூரின்னு போர்டு வச்சிருக்கோம்?”

புரூயிட் தொண்டையைச் செருமி எண்பத்தேழாம் பக்கத்தை உரக்கப் படித்தார். நன்றாகவே படித்தார். அறையில் எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள்.

“இதை எழுதினவளுக்கு அப்ப இருபத்தொன்பது வயசு,” என்றார் ஆர்டிஸ். “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூரா அவளோட சண்டை போட்டேன். கெட்டிக்காரி, லேசுல விடல. கடைசியில அவ தோத்துட்டா.”

ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். ஆனால் ஓட்டு எடுத்தபோது ஆறுக்கு ஆறு. மீதி ஆஸ்ட்ராண்டர்தான். அவர் ரோலைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முடியாது என்றுதான் எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, உதவி செய்வதாக நினைத்துப் புரூயிட் வாயைத் திறந்தார். “இதுல யோசிக்க என்ன இருக்கு டுவைட்? வெறும் லேபிள் தப்பு.”

ஆஸ்ட்ராண்டர் ரோலை வைத்துவிட்டார். “என்ன சொன்னீங்க?”

“லேபிள் மாறிப்போச்சு, அவ்வளவுதானேன்னு...”

“வெறும் லேபிளா?” கிழவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “நாப்பத்தாறு வருஷமா விதை விக்கிறேன்யா. மூட்டைக்குள்ள இருக்கறதை விவசாயி கண்ணால பாத்தா வாங்கறான்? மேல ஒட்டியிருக்கறதைப் படிச்சு வாங்கறான். அதை நம்பி நிலத்துல போடறான். எழுபத்தொண்ணுல எங்க ஆளு ஒருத்தன் மாத்தி ஒட்டிட்டான். அதை வாங்கின அறுபது பண்ணைக்கும் நானே நேர்ல போனேன், தெரியுமா? வெறும் லேபிளாம்!” தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “எடுத்துக்கோங்க ஆர்டிஸ். நாப்பத்தொண்ணையும் எடுத்துக்கோங்க. லீலண்ட், அந்த வெண்ணெயை இப்படித் தள்ளுங்க.”

முடிவானபின் இன்னொரு கேள்வி மிஞ்சியது. நடந்ததைப் பிள்ளைகளிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கர்ட்டிஸ் கெஞ்சினார். “சந்தோஷமா இருக்காங்க, கெடுக்கணுமா?” ஆனால் ஆர்டிஸ் கேட்கவில்லை. ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து நாலு வருடம் பாடம் நடத்த அவரால் முடியாது. கடிதத்திலும் இதை எழுத முடியாது. எனவே தன் பழைய பியூக் காரை எடுத்துக்கொண்டு, வரைபடத்தை மடியில் விரித்து, ஏப்ரல் மாதம் முழுக்க வீடு வீடாகப் போனார். பின்னாளில் யார் கேட்டாலும் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதம் அதுதான் என்பார். எல்லா வீட்டிலும் சாப்பிடச் சொன்னார்கள். பதினோரு பவுண்டு எடை கூடிவிட்டது.

ஃபிட்ச் பண்ணை ஒரு மைலுக்கு முன்பே தெரிந்தது. கருநீலத்தில் கேல்டன். வெண்டெலின் அப்பா விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, சைலோவை அண்ணாந்து பார்த்தார்.

“நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா இதை என்ன பண்றது தலைவரம்மா? ரெண்டாவது கோட்டும் அடிச்சாச்சு. எங்க ஊர்ப் பேரையா கேல்டன்னு மாத்த முடியும்?”

“அதான் உங்க பையனை எடுத்துக்கறோம்.”

“அப்ப பெயிண்டுக்காகத்தான் எடுத்துக்கிட்டீங்களா?” என்று வெண்டெல் கேட்டான். வெட்கப்படும் பையன், இரண்டடி தள்ளியே நின்றான்.

“பாதி அதுக்காக,” என்றார் ஆர்டிஸ். அவன் முதல் முறையாகச் சிரித்தான்.

ரெனாட்டா வீட்டில் அப்படி எளிதாக முடியவில்லை. சின்ன வீடு, நிறையப் பேர், மேசையில் ஆவி பறக்கும் பன்றிக்கறிச் சோளக் குழம்பு. அப்பா எவரார்டோ ஓஹெடா வெள்ளைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். ஆர்டிஸ் சாப்பிடுவதற்கு முன்பே சொன்னார். சாப்பிட்டுவிட்டுச் சொல்வது முறையல்ல என்று நினைத்தார். ரெனாட்டா அதை அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“அப்ப நான் வேணாம்னுதான் மொதல்ல முடிவு பண்ணீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

“கணக்குல மார்க்கு கம்மி. கட்டுரை ரெண்டு பக்கம் கேட்டோம், நீ முக்கால் பக்கம் எழுதியிருந்தே.”

“சனி ஞாயிறு கம்பெனியில பெட்டி கட்டறேன். முக்கால் பக்கத்துக்குத்தான் நேரம் இருந்துச்சு.”

“அது எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே முடிவு பண்ணிட்டோம். ஒருவேளை நாங்க செஞ்சதும் தப்பா இருக்கலாம்.”

“ஒருவேளையா?”

ஆர்டிஸுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. “வந்து காட்டு,” என்றார்.

“வந்து காட்டறேன்.” அப்பாவிடம் திரும்பி எதையோ சுருக்கமாகச் சொன்னாள். எவரார்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார். ரெனாட்டா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே சொன்னாள்: “சண்டை முடிஞ்சுதா, குழம்பு ஆறுதுன்னு கேக்கறார்.”

நாற்பத்தொரு பேரில் முப்பத்து நான்கு பேர் செப்டம்பரில் வந்து இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் பதினைந்து பேருக்கு அறை கொடுத்தார்கள். ஆஸ்ட்ராண்டர் தன் வீட்டு மேல்மாடியில் நான்கு பையன்களை வைத்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கே எழுப்பி அவர்களைக் கொடுமைப்படுத்தினார். விடுதியில் ஆறு பேரைத் திணித்தார்கள். மீதி ஒன்பது பெண்கள் தலைவர் மாளிகைக்கு வந்தார்கள். அந்த மாளிகையில் இத்தனை காலம் ஆர்டிஸையும் மெர்லையும் தவிர விருந்தாளிகள் மட்டுமே தங்கியிருந்தார்கள். எந்த நாற்காலியிலும் அழுத்தி உட்காரக்கூடாது. ஒரே வாரத்தில் மாடிப்படிக் கம்பியில் ஈரத் துண்டுகள் தொங்கின.

ஆர்டிஸும் மெர்லும் சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்கு மாறிக்கொண்டார்கள். மெர்ல் தினம் காலை எழுபது பான்கேக் சுட்டார். ஆறரைக்கு டியூபாவில் ஒரு முறை ஊதுவார். செத்தவர்களும் எழுந்து பல் தேய்ப்பார்கள். ஒன்பது பெண்களுக்கு மேல்மாடியில் ஒரே குளியலறை. யாருக்கு எத்தனை நிமிடம் என்று தீர்மானிக்கும் கூட்டம் மூன்று நாள் நடந்தது. நீளக் கூந்தல்காரிக்கு அதிக நேரம் கொடுப்பது நியாயமா? முதல் வகுப்பு எட்டு மணிக்கு உள்ளவளுக்கு முன்னுரிமையா? சீட்டுக் குலுக்கிப் போட்டால் எல்லோருக்கும் சமமா? ஆர்டிஸ் படியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இருபது வருடத்தில் வகுப்பில் இவ்வளவு நல்ல விவாதம் கேட்டதில்லை என்று மெர்லிடம் சொன்னார்.

“நல்ல விவாதம்தான். ஆனா இன்னைக்கும் எவளும் குளிக்கல,” என்றார் மெர்ல்.

முதல் பருவம் சிரமமாகத்தான் போனது. ஒரு பையன் பதினோரு நாளில் காணாமல் போய், கடைசியில் நெடுந்தூர லாரி ஓட்டுகிறான் என்று தெரிந்தது. அவனிடமிருந்து வருடம் இரண்டு அஞ்சலட்டை வந்தது, மகிழ்ச்சியாக இருப்பதாக. வெண்டெல் கணக்கில் இரண்டு தடவை தோற்றான். கணக்கு ஆசிரியர், “இவங்களை எடுத்ததே தப்புன்னு சொன்னேனே” என்று முணுமுணுத்தபடியே சனிக்கிழமை சனிக்கிழமை அவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுத்தார். மூன்றாவது தடவை வெண்டெல் தேறிய அன்று, சந்தோஷத்தில் அந்த ஆசிரியர்தான் சாக்பீஸை ஜன்னல் வழியே வீசினார்.

ரெனாட்டா இரண்டாம் வருடம் ஆர்டிஸின் அறவியல் வகுப்பில் சேர்ந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தாள். அப்போது ஆர்டிஸ் தன் முதல் புத்தகத்துக்குத் தானே மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார். கைப்பிரதியைத் தட்டச்சு செய்யும் வேலையை ரெனாட்டாவுக்குக் கொடுத்தார். மூன்று நாள் கழித்து அவள் கட்டைத் திருப்பிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

“என்ன, முடிச்சிட்டியா?”

“இல்ல. இதுலயும் ‘அ’, ‘ஆ’ன்னே எழுதியிருக்கீங்க.”

“அதுதானே வழக்கம்?”

“அவங்களுக்கு ஒரு பேர் வைங்க டாக்டர் ஹோவ்லண்ட். வேலைக்குப் போறவங்களா வைங்க. சொந்தக்காரங்க நாலு பேரு இருக்கட்டும். இல்லன்னா மறுபடியும் இதே தப்புதான் நடக்கும்.”

ஆர்டிஸ் இருநூறு பக்கத்தையும் திருப்பி எழுதினார். புதுப் புத்தகத்தில் மனிதர்கள் நடமாடினார்கள். வாக்கைக் கேட்டவர்கள் ஓடினார்கள், வேலையை விட்டார்கள், பந்துமித்திரர்களுக்குச் சொன்னார்கள், வண்ணம் அடித்தார்கள். நம் வாயிலிருந்து போன சொல், கேட்டவர் வீட்டில் குடியேறிவிட்டால், அது அதன்பின் நம்முடையது மட்டும் இல்லை என்றது அந்தப் புத்தகம். செயின்ட் லூயிஸில் நடந்த மாநாட்டில் ஒரு தாடிக்காரப் பேராசிரியர் எழுந்து, பழைய புத்தகத்தின் வாதமே வலுவானது என்று இருபது நிமிடம் வாதாடினார்.

ஆர்டிஸ் பொறுமையாகக் கேட்டார். “அதை எழுதினவளை எனக்கு நல்லாத் தெரியும். மூளைக்காரிதான். ஆனா பாவம், அவளுக்கு யாரும் போன் பண்ணினதே இல்ல.”

அரங்கம் எதற்கு இப்படிச் சிரிக்கிறது என்று தாடிக்காரருக்குப் புரியவில்லை. பின்வரிசையில் ரெனாட்டா மட்டும் சிரிக்காமல் கை தட்டினாள்.

2000 மே மாதம் பட்டமளிப்பு. முப்பத்து நான்கு பேரில் இருபத்தேழு பேர் கறுப்பு அங்கியில் நின்றார்கள். காற்று தொப்பிகளைப் பறித்தது. பாதிப் பேர் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டே மேடை ஏறினார்கள். மெர்லின் வாத்தியக்குழு ஒரே நடைப்பாட்டைப் பதினேழு முறை வாசித்தது. ஃபிட்ச் குடும்பம் ஒரு டிராக்டர் டிரெய்லரில் உறவினர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. ரெனாட்டாவின் பெயரைப் படித்தபோது மூன்று வரிசை எழுந்து நின்றது. இரண்டாவது ஷிப்டில் பாதி அங்கே இருந்தது. ஆர்டிஸ் பட்டச் சுருளைக் கொடுத்துக் கையைப் பிடித்தார்.

“காட்டிட்டேனா?” என்றாள் ரெனாட்டா.

“காட்டிட்டே.”

“ஒருவேளைன்னு சொன்னீங்களே?”

“வாபஸ் வாங்கிக்கறேன். நகரு, பின்னால ஆள் நிக்கிறாங்க.”

மூன்று வருடம் கழித்து ஆர்டிஸ் தலைவர் பதவியை விட்டு, மெர்லோடு ஊர் ஓரத்தில் ஒரு சிறு வீட்டுக்குப் போனார். காலை வகுப்பை மட்டும் விடவில்லை. ஊரில் நியாயம் பேச ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த கோடையில் மாவட்டச் சந்தையில், பழம் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரப் போட்டிக்கு நடுவராக இருக்கச் சொன்னார்கள். இதுவரை இருந்த நடுவர்கள் எல்லோரும் யாராவது ஒருவருக்குச் சித்தப்பாவாக இருந்ததால் வருடா வருடம் சண்டை. அறவியல் பேராசிரியரிடம் யாரும் வாய் திறக்க முடியாது அல்லவா?

கூடாரத்துக்குள் நீள மேசையில் இருபத்திரண்டு பை. பெயர் இல்லை, எண் மட்டும். ஆர்டிஸ் முள்கரண்டியோடு வரிசையாகச் சுவைத்து வந்தார். பதினான்காம் எண்ணில் ஒரு வாய் வைத்ததும் நின்றார். செர்ரி. கொஞ்சம் பாதாம் வாசனை. அளவுக்கு மீறி உப்பு. இந்தக் கைப்பக்குவத்தை அவருக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியும்.

கூடாரத்தின் ஓரத்தில் மெர்ல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பதினாலாம் நம்பருக்கு நான் மார்க்கு போட முடியாது,” என்று ஆர்டிஸ் அமைப்பாளரிடம் சத்தமாகச் சொன்னார். “இது யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

கூடாரம் முழுக்க மெர்லைப் பார்த்துத் திரும்பியது. டுவைட் ஆஸ்ட்ராண்டர் ஊன்றுகோலைத் தட்டிச் சிரித்தார். “பேர் போடாமலே மாட்டிக்கிட்டியா மெர்ல்!”

“நாலு மாசம் ரகசியமாப் பழகினேன்!” என்றார் மெர்ல். “கராஜ்ல அடுப்பு வச்சு!”

“அதான் காரெல்லாம் வெண்ணெய் வாசனையா?” என்றார் ஆர்டிஸ்.

வேறொரு நடுவரைக் கூப்பிட்டுப் பதினான்காம் எண்ணைச் சுவைக்க வைத்தார்கள். அதற்கு ஆறாவது இடம். வீட்டு வாசலில் கார் நின்றதும் மெர்ல் மீதிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “சரி, நடுவரா வேணாம். பெண்டாட்டியாச் சொல்லு. எப்படி இருந்துச்சு?”

“உப்பு ஜாஸ்தி மெர்ல்.”

“உனக்குப் பொய்யே வராதாடி?”

“வராது,” என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் அவர் மடியிலிருந்த தட்டிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார்.